ஒரே கட்டில் கேட்டால் எந்த ஊரில் என்ன நடக்கிறது: ஒன்பது வருட அனுபவம்

நானும் என் பார்ட்னரும் 2016இலிருந்து சென்னையிலிருந்து வெளிநாடு போய் வருகிறோம், கொரோனா வருடங்களைத் தவிர. ஊரை முடிவு செய்யும்போது நாங்கள் முதலில் யோசிப்பது ஹோட்டல் ரிசப்ஷனைப் பற்றித்தான். இரண்டு ஆண்கள் டபுள் பெட் கேட்டால் என்ன செய்வார்கள்? இங்கே ஒரு ஹோட்டலில் எங்கள் ஆதார் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலேயே தனித்தனிக் கட்டில் உள்ள அறைக்கு மாற்றிவிட்டார்கள். தன்பாலின உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 377 பிரிவுத் தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது அப்போது. அன்று இரவு முழுக்க அவர் பேசவே இல்லை.

பாங்காக்குக்கு ஐந்து முறை போயிருக்கிறோம். சலா டேங் ஸ்டேஷனில் இறங்கினால், எங்களைப் போன்றவர்கள் கூடும் பார்கள் உள்ள சீலோம் சோய் 4 சந்து நடக்கிற தூரம்தான். முதல் இரண்டு தடவை தினமும் ராத்திரி அந்தச் சந்தில்தான் கிடந்தோம், இப்போது ஒரு மாலை போதும், மீதி நேரம் படகு, சந்தை, சாப்பாடு. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23இல் தன்பாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, ஆனால் அதற்கு முன்பும் எந்த ரிசப்ஷனிலும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. விமானமும் மூன்றரை மணி நேரம்தான். முதல்முறை போகிறவர்களுக்கு நான் பாங்காக்கைத்தான் சொல்வேன்.

என் மனசுக்குப் பிடித்தது தைப்பே. 2019 மே மாதம் ஆசியாவிலேயே முதலில் எங்களைப் போன்றவர்களின் திருமணத்தைத் தைவான் ஏற்றது, அந்த அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை எங்களைப் போன்றவர்கள் கூடி நடக்கும் பிரைடு ஊர்வலத்துக்குப் போனோம். சென்னையில் பக்கத்தில் நிற்கவே தயங்கும் மனிதர், மெட்ரோ பிளாட்பாரத்தில் அவராகவே என் கையைப் பிடித்தார். மறுநாள் பெய்தோ வெந்நீர் ஊற்று. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதால் கணவன் மனைவியாக வந்தவர்கள் வாசலில் பிரிந்து போக, நாங்கள் சேர்ந்தே உள்ளே போனோம். விசாவுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும், அலையலாம்.

பினாங்குச் சாப்பாடு எனக்கு உயிர். ஆனாலும் மலேசியா போவதில்லை, அங்கே தன்பாலின உறவுக்கு 377 பிரிவில் 20 வருடம் வரை சிறையும் பிரம்படியும் இன்னும் இருக்கிறது. நண்பர்கள் தனிக்கட்டில் எடுத்துக்கொண்டு ஒரு பிரச்சினையும் இல்லாமல் போய் வருகிறார்கள், சரி, அது அவர்கள் விருப்பம். செலவு செய்து போய் அங்கேயும் ஒளிந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

வரும் அக்டோபரில் மறுபடி தைப்பே. அறையை இந்த முறை அவரே புக் செய்தார், டபுள் பெட், இரண்டு பேர் பெயரிலும்.