மெம்கேஷ்டு: மண்டபத்தில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

மண்டபம், பாம்பன் பக்கத்து மீன் ஏல விலையை வியாபாரிகளின் போனுக்குக் கொண்டுபோகும் ஒரு சின்ன ஆப்பை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். விசைப்படகு கரைக்கு வந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு உயிர் போகிற நேரம். இறால் என்ன கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை), நண்டு கிலோ என்ன விலை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸைப் போய்த் தட்டினால் அது படுத்துவிடும். அந்தச் சுமையை இரண்டு வருடமாகத் தாங்குவது மெம்கேஷ்டு, அடிக்கடி கேட்கிற பதிலை ரேமிலேயே வைத்துக்கொண்டு (இதைத்தான் கேஷ் என்பார்கள்) உடனே எடுத்துத் தரும் புரோகிராம். 2003-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னல் தளத்துக்காக எழுதியது, இலவசம், இன்றும் புது வெர்ஷன் வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது மெமரியை இது வைத்துக்கொள்ளும் விதம். கேட்கும்போதெல்லாம் சிஸ்டத்திடம் துண்டு துண்டாக வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ரேமில் ஓட்டை ஓட்டையாக இடம் வீணாகும். மெம்கேஷ்டு அப்படிச் செய்யாமல் 1 எம்பி பக்கங்களாக எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளும். 96 பைட், 120, 152, 192, 240, 304 என்று ஒவ்வொரு அளவு வகுப்பும் முந்தையதைவிடக் கால் பங்கு பெரிதாகப் போகும். நம்ம ஐஸ் பெட்டி மாதிரிதான், நெத்திலிக்கு ஒரு அளவு, சீலாவுக்கு ஒரு அளவு. 250 பைட் சரக்கு, அதாவது சேமிக்கிற ஒரு தகவல், 240-இல் அடங்காது, 304 பெட்டிக்குப் போகும், மிச்சம் 54 பைட் சும்மா கிடக்கும். அந்த நட்டம் எனக்குச் சம்மதம், ஏனென்றால் 256 எம்பி என்று சொல்லிவிட்டால் சரக்குக்கு அந்த அளவைச் சுற்றித்தான் எடுக்கும், நடுராத்திரியில் பக்கத்து புரோகிராமின் ரேமைத் தின்னாது. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: ஒவ்வொரு சரக்குக்கும் தலைப்புச் செலவாக 50 பைட் வாக்கில் போகும், அதனால் குட்டிக் குட்டித் தகவலாக லட்சக்கணக்கில் போட்டால் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பும்.

அளவு அளவாக வெட்டி வைக்கும் இதே வசதிதான் போன வருடம் எங்களைப் படுத்தியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். தொடங்கிய மறுநாள் சர்வரைத் திறந்து, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஃபேனை மாற்றி, ரீஸ்டார்ட் செய்தோம். அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகு மீன் விலையும் லாகின் விவரமும் மட்டுமே வந்தன, எல்லாம் சின்ன சைஸ். காலாவதி நேரம் கொடுக்காமல் விட்டது எங்கள் தவறு. மொத்த மெமரியும் மெல்ல மெல்லச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டு முடிந்துவிட்டது. ஜூன் நடுவில் முதல் விசைப்படகுகள் திரும்பியதும் சரக்குப் படங்கள் ஒவ்வொன்றும் 12, 13 கேபி என்று குவிந்தன. அந்த அளவு வகுப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு பக்கம். அதில் 75 படம்தான் உட்காரும், 76-வது வந்தால் முதலாவது வெளியே. ஆப்பில் படம் வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது. வியாபாரி ஒருவர் போன் செய்து "தம்பி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே படம் மறையுதே" என்கிறார். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, மொத்த ஹிட் கணக்கு (கேட்டது கேஷிலேயே கிடைத்த கணக்கு) நன்றாகவே இருந்தது. 'ஸ்டாட்ஸ் ஐட்டம்ஸ்' கமாண்ட் போட்டு வகுப்பு வகுப்பாகப் பார்த்த பிறகுதான் ஒரே வகுப்பில் வெளியேற்றம் எகிறிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

நாங்கள் ஓட்டியது பழைய 1.4 வெர்ஷன். ஒரு வகுப்பின் பக்கத்தைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும் வேலை அதில் தானாக நடக்காது, நாமே ஆன் செய்ய வேண்டும். 1.5.0-இலிருந்து அது இயல்பாகவே ஆன். கூடவே சரக்கைச் சூடானது, வெதுவெதுப்பானது, ஆறியது என்று மூன்றாகப் பிரித்து வைக்கும் முறையும் இயல்பாகவே ஆன் ஆனது: ஆறிய வரிசையில் கிடப்பதை மீண்டும் யாராவது கேட்டால்தான் அது வெதுவெதுப்பு வரிசைக்கு ஏறும். ஒரு வியாபாரி ஒரு மாத விலையை மொத்தமாக இறக்கினாலும் அன்றைய விலை வெளியே தள்ளப்படாது. இப்போது 1.6-இல் இருக்கிறோம், இந்த வருடம் ஜூன் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது.

பல சர்வர் சேர்த்து ஓட்டுவது பற்றி. இந்த சர்வர்களுக்கு ஒன்றையொன்று தெரியவே தெரியாது, எந்தக் கீ (தகவலைத் தேடும் பெயர்) எங்கே என்று முடிவு செய்வது நம்ம பக்கத்துப் புரோகிராமான கிளையன்ட்தான். கீயிலிருந்து கணக்கிட்டு வரும் எண்ணான ஹாஷை சர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதி பார்க்கும் முறையில் இரண்டை மூன்றாக்கினால் மூன்றில் இரண்டு பங்கு கீ இடம் மாறிவிடும், கேஷே காலியான மாதிரி. சர்வர்களையும் கீக்களையும் ஒரே வட்டத்தில் சுற்றி வைக்கும் கெட்டாமா முறையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மாறும். முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

இதே வேலைக்கான இன்னொரு புரோகிராம் ரெடிஸும் ஓட்டிப் பார்த்தோம், நல்ல சாமான், லிஸ்ட், வரிசைப்படுத்திய செட் எல்லாம் வேண்டும் என்றால் அதுதான். ஆனால் அங்கே வரம்பு வைத்து நிரம்பினால் இயல்பாக எதையும் வெளியேற்றாது, புதிதாக எழுத மறுத்துவிடும், நாம்தான் கொள்கையைத் தேர்ந்து போட வேண்டும். மெமரியில் உள்ளதை டிஸ்க்கில் சேமிக்கத் தன்னைப் பிரதி எடுக்கும் நேரத்தில் எழுதுவது அதிகம் நடந்தால் மெமரி ஏறும், 2 ஜிபி சர்வரில் அதற்கு இடம் விட்டுத்தான் வரம்பு வைக்க முடியும். எங்களுக்கு வெறும் கீ, அதற்கான வேல்யூ (தகவல்) போதும்.

குறை? சர்வர் அணைந்தால் எல்லாம் போச்சு. 1.5.18-இலிருந்து புரோகிராமை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் பழைய சரக்கைத் தக்கவைக்கும் வழி இருக்கிறது, மின்சாரம் போனால் அதுவும் உதவாது. வெளி நெட்டுக்கு மெம்கேஷ்டின் 11211 போர்ட்டைத் திறந்து வைக்கவே கூடாது, 2018 பிப்ரவரியில் நிரல் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் மீது நடந்த பெரிய தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த சர்வர்களை வைத்துத்தான் நடந்தது.

ஏலத்தில் யார் எவ்வளவு கேட்டார் என்ற கணக்கை இதில் மட்டும் வைக்காதீர்கள், அது எங்களிடம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. இன்னும் 1.4-இல் இருப்பவர்கள் தடைக்காலம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள், படகு வந்த பிறகு நேரம் கிடைக்காது.