வீட்டை மாற்றியமைக்க மானியமா, கடனா?

சாய்தளம், குளியலறைக் கைப்பிடி, அகலமான கதவு என்று முதியவருக்கோ மாற்றுத்திறனாளிக்கோ வீட்டைத் திருத்தக் கைக்காசு போதாவிட்டால், பெரும்பாலும் இந்த இரண்டு வழிதான்.

மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம், காத்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சை நிபுணர்) பரிந்துரை, இரண்டு மூன்று கொட்டேஷன், வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கிவிடுவது. தொடங்கிவிட்ட வேலைக்குப் பல திட்டங்கள் பணம் தராது. கொட்டேஷனில் ‘சாய்தளம் ஒன்று’ என்று மொட்டையாக எழுதினாலும் சிக்கல். வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் 1:12 சரிவுக்கு (ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) 5.4 மீட்டர் நீளம், இருபுறமும் கைப்பிடி, மேலும் கீழும் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம். இப்படி அளவோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்து பார்வையிட்ட பிறகே பணம் என்றால், அதுவரை கொத்தனாருக்கு யார் கொடுப்பது?

கடன் சீக்கிரம் கிடைக்கும். வட்டியை மட்டும் பார்க்காமல், செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம், மொத்தம் கட்டும் தொகை மூன்றையும் கேளுங்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவர் வீட்டை அடமானம் வைத்துக் குளியலறையைத் திருத்துவது கடைசி வழி.

இடுப்பெலும்பு முறிந்தவர் அடுத்த வாரம் வீடு திரும்புகிறாரா? கைப்பிடி, உயரமான கழிப்பறை இருக்கை போன்றவற்றைச் சிறு கடனில் உடனே முடியுங்கள். சாய்தளத்துக்கு மட்டும் மானியம் கோருங்கள். இரண்டுக்கும் ரசீது தனித்தனியாக இருக்கட்டும்.