பெருங்குடல் கட்டி பரம்பரையா, தானாக வந்ததா: எந்தச் சோதனையை முதலில் செய்வது?

பெருங்குடல் புற்றுநோய் வந்த 100 பேரில் ஏறத்தாழ 15 பேரின் கட்டியில் டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதாகியிருக்கும். அந்த 15 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் அது பெற்றோர் வழி வந்தது. அதுதான் லிஞ்ச் நோய்க்குறி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வயதான பிறகு கட்டிக்குள்ளேயே எம்எல்எச்1 என்ற பிழைதிருத்த மரபணு, மெத்தில் என்ற வேதிக்குறியின் பூட்டு (மெத்திலேஷன்) விழுந்து அணைந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் அந்த 3 பேருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் அந்தத் திரிபு (மரபணு மாற்றம்) வந்திருக்க ஆளுக்கு 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

கட்டியைச் சோதிக்க இரண்டு வழிகள்: நான்கு பிழைதிருத்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் ஐஎச்சி (IHC), டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் நீளம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் எம்எஸ்ஐ (MSI). நாங்கள் ஐஎச்சியைத்தான் முதலில் வைப்போம். எந்த மரபணு என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். அந்த நான்கு புரதங்களில் எம்எல்எச்1-பிஎம்எஸ்2 ஒரு ஜோடி, எம்எஸ்எச்2-எம்எஸ்எச்6 இன்னொரு ஜோடி. எம்எல்எச்1 போனால் துணையில்லாத பிஎம்எஸ்2-வும் சிதைந்துபோகும். பிஎம்எஸ்2 மட்டும் போனால் எம்எல்எச்1 நிற்கும். மற்ற ஜோடியிலும் இதே கதைதான்: எம்எஸ்எச்2 போனால் எம்எஸ்எச்6 நிற்காது.

ஐஎச்சி தவறுவது பெரும்பாலும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில். வெட்டியெடுத்த குடலைத் திறக்காமல் அப்படியே போட்டால் நடுப்பகுதிக்கு மருந்து இறங்காது, சாயம் பிடிக்காது. புரதமே இல்லாதது போலத் தெரியும். அதனால் கட்டியைப் பார்க்கும் முன் அதைச் சுற்றியுள்ள நிணநீர் செல்களைப் பாருங்கள். அவற்றின் உட்கரு பழுப்பாக இல்லையென்றால் அந்த ஸ்லைடு செல்லாது. கொலனோஸ்கோப்பியில் எடுத்த பயாப்சித் துண்டு சிறியது, நன்றாக ஊறும். சாயம் அதில்தான் தெளிவாக விழும். மலக்குடல் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு எம்எஸ்எச்6 மங்கிப்போகும் என்பதால், அங்கே சிகிச்சைக்கு முந்தைய பயாப்சியையே சோதிக்க வேண்டும்.

எம்எஸ்ஐ பார்ப்பது செயலிழப்பின் விளைவை. பேட்-25, பேட்-26 போன்ற 5 குறியிடங்களில் 2 அல்லது அதற்கு மேல் நீளம் மாறியிருந்தால் 'உயர் எம்எஸ்ஐ'. புரதம் இருந்தும் வேலை செய்யாத திரிபுகளை ஐஎச்சி தவறவிடும், இது பிடித்துவிடும். இதன் குறைகள்: எம்எஸ்எச்6 திரிபுகள் சில நழுவும், சளி நிறைந்த கட்டியில் புற்றுசெல்கள் குறைவாக இருந்தால் பொய்யாக 'நிலையானது' என்று வரும். குடும்ப வரலாறு பலமாக இருந்து ஐஎச்சியில் நான்கு புரதமும் இருந்தால் எம்எஸ்ஐயையும் செய்யுங்கள்.

எம்எல்எச்1 இல்லை என்று வந்தால் அடுத்த போட்டி பிராஃபுக்கும் மெத்திலேஷனுக்கும். பிராஃப் மரபணுவில் வி600இ என்ற திரிபைத் தேடும் சோதனை மலிவு, விரைவு. இருந்தால் அநேகமாகத் தானாக வந்த கட்டிதான். இல்லாவிட்டால் பரம்பரை என்று எழுதிவிடாதீர்கள், தானாக வந்தவற்றிலும் கணிசமானவற்றில் அது இருக்காது. மெத்திலேஷன் சோதனை அந்த இடைவெளியை அடைக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: சிலருக்கு அந்தப் பூட்டு பிறவியிலிருந்தே உடல் முழுக்க இருக்கும். இளம் வயது நோயாளி என்றால் ரத்தத்திலும் மெத்திலேஷன் பாருங்கள்.

எம்எஸ்எச்2 போயிருந்தாலோ, எம்எஸ்எச்6 அல்லது பிஎம்எஸ்2 மட்டும் தனியாகப் போயிருந்தாலோ இந்தச் சுற்று வேண்டாம், நேராக ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. எம்எஸ்எச்2 போயிருந்தால் பக்கத்து எப்கேம் மரபணுவின் வால் துண்டு அறுந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பிஎம்எஸ்2-வுக்கு அதையே ஒத்த போலி மரபணு இருப்பதால் பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் சாதாரண பேனல் சோதனை குழம்பும்.

குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருந்தால் கட்டிச் சோதனைகளை நம்பி உட்காராதீர்கள். பாலிப்களை உண்டாக்கும் பரம்பரை ஏபிசி (APC) மரபணுக் கோளாறில் நான்கு புரதமும் ஒழுங்காகவே இருக்கும். ஐஎச்சி 'இயல்பு' என்று சொல்லும். இவர்களில் 4 அல்லது 5 பேரில் ஒருவருக்குத் திரிபு புதிதாகத் தோன்றியது, பெற்றோரிடம் நோய் இருக்காது. பாலிப் உண்டாக்கும் இன்னொரு பரம்பரைக் கோளாறான மியூட்டிஒய்எச்சில் (MUTYH) பெற்றோர் இருவரும் பெரும்பாலும் நோயில்லாத கடத்திகள் மட்டுமே, உடன்பிறந்தோருக்கு அந்தக் கோளாறு இருக்க 25 சதவீத வாய்ப்பு. 'வீட்டில் யாருக்கும் இல்லையே' என்ற பதிலை வைத்து இந்த இரண்டையும் விலக்க முடியாது.