ஜிஐ பில் 36 மாதம்: மனைவி பெயருக்கா, பிள்ளை பெயருக்கா?

அமெரிக்க ராணுவத்தில் 6 வருடம் முடித்தவர், இன்னும் 4 வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால், 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில்லின் 36 மாதக் கல்வி உதவியை வீட்டாருக்கு மாற்றிவிடலாம். அந்த 4 வருடத்தைப் பாதியில் விட்டால், அதுவரை செலவானது கடனாக நம் தலையில் விழும். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரை மொழித் திறனுக்காக ராணுவத்தில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவன் நான்; அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. எங்கள் வீட்டில் பெரும்பகுதி மாதங்களை மனைவி பெயருக்கு மாற்றினோம்.

கட்டணத்தில் இரண்டு பக்கமும் சமம்தான். சொந்த மாநில அரசுக் கல்லூரி என்றால் முழுக் கட்டணம், தனியார் என்றால் ஒரு உச்சவரம்பு, புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை. பிள்ளைக்கு 26 வயது வரம்பு உண்டு. நாம் 10 வருடம் முடிக்கும்வரை பிள்ளை தொடவும் முடியாது. மனைவி மறுநாளே தொடங்கலாம்.

ஆனால் கணக்கைப் புரட்டிப்போடுவது, படிக்கும் மாதங்களுக்கு ஜிஐ பில் தரும் வாடகைப்படி. நாம் யூனிபாரத்தில் இருக்கும்வரை மனைவி படித்தால் வாடகைப்படி கிடையாது. குடும்பத்தோடு இருப்பவருக்கான படி ஏற்கெனவே நம் சம்பளத்தில் வருகிறதே என்பது அரசின் வாதம். பிள்ளை படித்தால் நாம் பணியில் இருந்தாலும் உண்டு. பல ஊர்களில் அரசுக் கல்லூரிக் கட்டணத்தைவிட இந்தப் படிதான் பெரிய தொகை. அதாவது நாம் பணியில் இருக்கும்போது மனைவி படித்தால், 36-இல் ஒரு மாதம் முழுசாகக் கழியும், கைக்கு வருவது பாதிதான். 20 வருடம் இருந்து பென்ஷனோடு போகப் போகிறவர் என்றால், கணக்கு பிள்ளை பக்கமே நிற்கும். ஒப்புக்கொள்கிறேன்.

நான் அந்த 4 வருடம் முடிந்ததும் வெளியேறியவன். அதனால் வரிசையை மாற்றினோம். மனைவியின் இரண்டு வருட நர்சிங் அசோசியேட் டிகிரிக்கு ஜிஐ பில்லைத் தொடவே இல்லை. இளநிலை ரேங்க்காரர்களின் மனைவிகளுக்கான மைக்கா உதவி 4,000 டாலர், அதோடு வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட், இரண்டிலும் ஓட்டினோம். நான் வெளியே வந்த பிறகு நர்சிங் இளங்கலைப் பட்டமான பிஎஸ்என் படிப்புக்கு ஜிஐ பில். அப்போது மனைவிக்கும் வாடகைப்படி வரும். இங்கேயும் ஒரு பொடி விஷயம்: முழுக்க ஆன்லைனில் படித்தால் வாடகைப்படி தேசிய சராசரியில் பாதிதான். ஒரே ஒரு பாடத்தையாவது வகுப்பறையில் உட்கார்ந்து படித்தால், கல்லூரி இருக்கும் ஊருக்கான படி கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு லேப் வகுப்புக்குக் காரில் போய்வருவது அதற்காகத்தான். செமஸ்டர் இடைவெளியில் மட்டும் படி வராது, வாடகைக்கு எடுத்துவைக்க வேண்டும்.

மகள் இன்னும் முதல் வகுப்பு. பிள்ளை பக்கம் பற்றி நான் சொல்வது கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டறிந்தது, அனுபவம் இல்லை.

சரி, விவாகரத்து ஆனால்? மாற்றியதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமை ராணுவத்தில் இருந்தவருக்கே. கோர்ட் அதைச் சொத்தாகப் பங்கு பிரிக்க முடியாது. மனைவிமார் இதைத் தெரிந்துகொண்டே படிக்கத் தொடங்குவது நல்லது.

யார் பக்கம் சாய்ந்தாலும், பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மாதமாவது போட்டுவையுங்கள். வெளியே வந்த பிறகு புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே இருப்பவர்களுக்குள் மாதங்களைக் கூட்டிக் குறைக்கலாம். மாற்றுவது பாதுகாப்புத் துறையின் மில்கனெக்ட் தளத்தில். ஒப்புதல் வந்த பிறகு மனைவி தன் பங்குக்கு 22-1990இ படிவத்தை, முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையான விஏ-வுக்குத் தனியாக அனுப்ப வேண்டும்.