குரோஸின் கொச்சைச்சொல் அகராதி, 1811 பதிப்பு: எந்த நாவலுக்குக் கைகொடுக்கும்?

பழைய ஆங்கிலக் கதையில் ஒருவன் 'டியூக் ஹம்ஃப்ரியுடன் சாப்பிட்டான்' என்று வரும். அதை விருந்து என்று மொழிபெயர்த்தால் கதையே கவிழ்ந்துவிடும். அவன் பட்டினி கிடந்தான் என்பதே பொருள். லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயத்தில் அந்த டியூக்கின் பெயரில் ஒரு நடைகூடம் இருந்தது. ஊரார் சாப்பிடும் நேரத்தில், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் அங்கே உலாவிக்கொண்டிருப்பார்கள். ஃபிரான்சிஸ் குரோஸின் அகராதி இதையெல்லாம் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடுகிறது.

முதல் பதிப்பு 1785-இல் வந்தது. குரோஸ் 1791-இல் இறந்த பிறகு மற்றவர்கள் சேர்த்து விரித்ததுதான் 1811 பதிப்பு. அது குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதையே இறக்கிக்கொள்ளுங்கள். 1785 பதிப்பின் ஸ்கேன் பிரதியில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போல அச்சாகியிருப்பதால், கணினித் தேடலில் பாதிச் சொற்கள் சிக்காது. சொல்லின் கடைசியில் வரும் 'எஸ்', பெரிய எழுத்து 'எஸ்' ஆகியவை மட்டும் தப்பும். ஸ்கேன்தான் கையில் இருக்கிறதென்றால் 'எஸ்' வரும் இடத்தில் 'எஃப்' போட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

'கேன்ட்' என்ற குறிப்பு இருந்தால் அது திருடர்களின் குழூஉக்குறி. பொன்னைப் 'பறி' என்ற நம் பொற்கொல்லர் வழக்கை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இங்கே கவனிக்க வேண்டிய இணை 'ரம்', 'குவியர்'. திருடர் பேச்சில் 'ரம்' என்றால் உயர்ந்தது, 'குவியர்' என்றால் மட்டமானது. 'ரம் கோவ்' கைதேர்ந்த கில்லாடி, குடிகாரன் அல்ல. 'குவியர் கோல்' கள்ளப்பணம், 'குவியர் கென்' சிறை. போலீஸ்காரரைக் குறிக்கும் 'பிக்' (பன்றி) என்ற வசவும் 1811-லேயே இருக்கிறது. அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய பதிவு.

பொருளிலிருந்து சொல்லுக்குப் போக அட்டவணை இல்லை. மின்பிரதியில் 'பணம்', 'சிறை' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தேடினால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெரிய குறை வேறு: எந்தச் சொல் எப்போதிருந்து வழங்குகிறது என்ற ஆண்டுக்குறிப்பு கிடையாது. 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் 'ரம்' என்பது 'விசித்திரமான' என்ற பொருளில் வரும். குரோஸை நம்பி அங்கே 'அருமையான' என்று எழுதினால் தவறு. ஒரு சொல்லுக்குப் பதிலாக அதோடு எதுகை சேரும் சொல்லைப் போடும் லண்டன் கிழக்குப் பகுதி வழக்கும் இதில் இல்லை, அது பிற்காலத்தது. அதற்கு 1859-இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட அகராதி வேண்டும். சொல்லைத் தலைகீழாக்கும் சந்தைப் பேச்சும் அதில் உண்டு: பையனைக் குறிக்கும் 'பாய்' அங்கே 'யாப்' ஆகிறது.

1830-க்குப் பிந்தைய நூல் என்றால், ஜோனதன் கிரீனின் இணையக் கொச்சைச்சொல் அகராதியில் ஆண்டைச் சரிபார்க்காமல் எந்தச் சொல்லையும் எடுக்காதீர்கள். அது ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள் தருகிறது, அதுவும் இலவசம்.