டிஜிலாக்கரில் பட்டச் சான்றிதழ்: என் அனுபவம்

பட்டப்படிப்பு முடித்தவர்கள் இதுவரை, ஆவணங்களை இணையத்தில் பத்திரப்படுத்தும் மத்திய அரசின் டிஜிலாக்கரில் தங்கள் சான்றிதழைத் தேடிப் பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள். கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகச் சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கும் தேசியக் கல்விக் களஞ்சியத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இப்போது அது டிஜிலாக்கர் வழியாகத்தான் இயங்குகிறது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலையில் சேர்ந்தால், நம் சான்றிதழ் போலி இல்லை என்று உறுதிசெய்யும் உண்மைத்தன்மைச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்காக நான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பார்த்தது இன்னும் உறுத்துகிறது. மேசை மேல் கட்டுக்கட்டாக அடுத்தவர்களின் மதிப்பெண் பட்டியல்கள். ஒவ்வொன்றோடும் ஆதார் நகல், பென்சிலில் எழுதிய செல்போன் எண். "உங்களோடது இருக்கா பாருங்கம்மா" என்று எழுத்தர் ஒரு கட்டை என் பக்கம் தள்ளினார். யாரோ ஒரு பெண் எந்தெந்தப் பாடத்தில் அரியர் வைத்திருந்தாள் என்பது வரை என் கண்ணில் பட்டது. அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

டிஜிலாக்கர் எனக்குப் பிடித்ததே இதனால்தான். ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதற்கு மேல் ஆறு இலக்க ரகசிய எண்ணும் (PIN) உண்டு. வேறொரு நிறுவனம் என் சான்றிதழைப் பார்க்க வேண்டுமானால் என் ஒப்புதலைக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் நேரடியாக ஏற்றிய சான்றிதழ் சட்டப்படி அசலுக்குச் சமம். ஆனால் நாமே ஸ்கேன் செய்து போட்டு வைப்பதற்கு அந்த மதிப்பு இல்லை. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ பேருடைய சான்றிதழ்கள் ஊறிப்போய், நகல் கொடுக்க அரசே சிறப்பு முகாம் போட்டது. சாதாரண நாளில் தொலைத்தால் போலீஸ் புகார், 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்று என்று அலைய வேண்டும். அந்த அலைச்சலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறையும் உண்டு. பல்கலைக்கழகம் ஏற்றினால்தான் நமக்குக் கிடைக்கும். பழைய ஆண்டுகளை ஏற்றாத இடங்கள் இருக்கின்றன. அடுத்தது நம்மூர் இனிஷியல். சான்றிதழில் முன்னால், ஆதாரில் பின்னால் அல்லது அப்பா பெயரே முழுசாக இருந்தால் பெயர் ஒத்துப்போகாது.

பல்கலைக்கழகங்கள் திருந்த வேண்டியது இன்னொன்று. தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஹால் டிக்கெட்டிலேயே இருக்கின்றன. வகுப்பில் யார் வேண்டுமானாலும் யாருடைய மதிப்பெண்ணையும் பார்த்துவிடலாம். ஒரு ஓடிபி வைப்பதில் என்ன கஷ்டம்?

டிஜிலாக்கருக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். இறுதியாண்டுப் பிள்ளைகள் பட்டம் அச்சாகும் முன்பே ஆதாரையும் கல்லூரிப் பதிவையும் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் எழுத்து மூலமாகத் திருத்தம் கேளுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.