புறநகரில் தனி வீடு வாடகைக்கு: மதிப்பீட்டைக் காம்பவுண்டிலிருந்து தொடங்குங்கள்

இடம், வெளிச்சம், காற்று. இந்த மூன்றிலும் புறநகர்த் தனி வீட்டுக்குத் தாராளமாக முழு மதிப்பெண் போடலாம். ஆனால் அடுக்ககத்தில் பராமரிப்புக் கட்டணத்தோடு முடிந்துவிடும் மோட்டார், மாடித் தொட்டி, கழிவுநீர், மழைநீர் வேலைகள் அத்தனையும் இங்கே குடியிருப்பவர் தலையில்தான் விழும். வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் படுக்கையறையையும் சமையலறையையும் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். குடிவந்த பிறகு பாடாய்ப் படுத்துவது வெளிப்புறம்தான்.

முதலில் தெருவில் நின்று வாசற்படியைப் பாருங்கள். பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்து போயிருந்தால் மழைநீர் உள்ளேதான் வரும். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே முடிகிறதா என்றும் கவனியுங்கள். அப்படி முடிந்தால் அந்தச் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதற்கும் மேலே கறை தெரிந்தால் குழாய்க் கசிவையோ கூரை ஒழுகலையோ சந்தேகிக்க வேண்டும். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்பு உதிரும் சுவரை வண்ணம் அதிக நாள் மறைக்காது.

தண்ணீருக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தொட்டியின் உள் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, அதை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 1.5 × 1 × 1 என்றால் 1500 லிட்டர். குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் குழாய் துருவால் அடைத்திருக்கலாம், அல்லது தொட்டி போதிய உயரத்தில் இல்லாமல் இருக்கலாம். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார் (bar) அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், தாழ்வான தொட்டியை நம்பித் தானியங்கித் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவுச் சாயம் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு கசிகிறது. மாற்றச் செலவு குறைவுதான். மாற்றாவிட்டால் இரவெல்லாம் தண்ணீர் வீணாகும்.

ஃப்ளஷ் செய்யும்போது குளியலறைத் தரை வடிகாலில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம், செப்டிக் டேங்க் நிறைந்துமிருக்கலாம். டேங்கின் மூடி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள், லாரி அதுவரை வர முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மூடியின் மேலேயே டைல்ஸ் பதித்துவிடுகிற வீடுகளும் உண்டு.

மெயின் போர்டில் கசிவு மின்காப்பு (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் RCCB) இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். 30 மில்லிஆம்பியர் வகைதான் ஆளைக் காப்பாற்றும். அது இல்லாத வீட்டில் பொருத்தித் தரச் சொல்லிய பிறகே முன்பணம் கொடுங்கள். கதவு நிலைகளை விரலால் தட்டுங்கள். பொந்துச் சத்தம் வந்தாலோ, சுவரில் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தாலோ கறையானைச் சந்தேகியுங்கள்.

அலுவலகத்துக்கு ஆகும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை அளப்பதில் பயனில்லை. வேலை நாளில், புறப்படும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர்களுக்குத் தனி வீட்டைப் பரிந்துரைக்க மாட்டோம். தொட்டி வழிவதையும் வடிகாலில் இலை அடைப்பதையும் அன்றன்றே கவனிக்க ஆள் வேண்டும்.

மோட்டார் பழுது, டேங்க் சுத்தம், தோட்டம், கறையான் மருந்து ஆகிய ஒவ்வொன்றின் செலவும் யாருடையது என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதுங்கள். 'சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எந்தத் தொகை வரை சிறு பழுது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கும் அன்றே மின், தண்ணீர் மீட்டர் அளவுகளையும், சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், கறை படிந்த சிங்க் எல்லாவற்றையும் தேதியுடன் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால், காட்டுவதற்கு அந்தப் படங்கள் கையில் இருக்கும்.